நெட் கிளியர் ஆகாம பல்கலைக்கழகத்துல ரிசர்ச் வேலை தேடறேன், எங்கிருந்து ஆரம்பிக்கறது?

மலர் மைக்ரோ:

எல்லாருக்கும் வணக்கம். பெரம்பலூர் பக்கம் ஒரு கல்லூரியில எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜி முடிச்சேன். ஏதாவது ஒரு பல்கலைக்கழக லேப்ல ப்ராஜெக்ட் வேலையில சேர்ந்து, அப்படியே பிஎச்.டி.க்கும் பதிவு பண்ணணும்னு ஆசை. சிஎஸ்ஐஆர் நெட் (அறிவியல் பாடங்களுக்கான தேசியத் தகுதித் தேர்வு) இன்னும் கிளியர் ஆகல, படிச்சிட்டிருக்கேன். வீட்ல ஒரு வருஷம் பார்க்கலாம், இல்லைன்னா பி.எட். சேர்ந்துடுன்னு சொல்லிட்டாங்க.

பல்கலைக்கழக வெப்சைட்கள்ல வேலைவாய்ப்புப் பக்கத்தை தினமும் பார்க்கறேன். கண்ணுல படும்போது கடைசித் தேதி நெருங்கியிருக்கும். வாக்-இன் நேர்காணலுக்குப் போனா சர்டிஃபிகேட் பார்த்துட்டு, ரெண்டு கேள்வி கேட்டு அனுப்பிடறாங்க. ஆளை முடிவு பண்ணிட்டுத்தான் விளம்பரமே போடறாங்கன்னு கூட வந்தவங்க சொல்றாங்க. நிஜமா? நெட் இல்லாம தேடறது வீண் வேலையா?

பெஞ்ச் ஓரம்:

மலர், நீ தேடற வேலையைப் பல்கலைக்கழகம் தர்றதில்ல, ப்ராஜெக்ட்தான் தருது. இது புரிஞ்சா தேடற இடமே மாறிடும். ஒரு பேராசிரியர் டிஎஸ்டி (அறிவியல் தொழில்நுட்பத் துறை), டிபிடி (உயிரித் தொழில்நுட்பத் துறை), ஐசிஎம்ஆர் (மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) மாதிரி ஆராய்ச்சிக்குப் பணம் தர்ற ஒரு இடத்துக்குத் திட்டம் எழுதிப் போட்டு, அது சாங்ஷன் ஆகி, அதுல ஒரு ஆளோட சம்பளத்துக்கு ஒதுக்கீடு இருந்தாத்தான் அந்த விளம்பரம் வரும். எஸ்இஆர்பி-ன்னு சீனியருங்க சொல்ற நிதி நிறுவனம் இப்போ ஏஎன்ஆர்எஃப், 2024-ல இருந்து. நீ பார்க்கற வேலைவாய்ப்புப் பக்கம் இதோட கடைசிக் கட்டம். அதுக்குப் பல மாசம் முன்னாடியே அந்த லேப்ல இருக்கறவங்களுக்குப் பணம் வரப்போகுதுன்னு தெரியும்.

அதனால பணம் எங்க வந்திருக்குன்னு தேடு. டிபார்ட்மென்ட் பக்கத்துல ஒவ்வொரு ஆசிரியர் பேருக்குக் கீழயும் நடப்புத் திட்டங்கள்னு ஒரு பட்டியல் இருக்கும். எந்த நிதி நிறுவனம், எந்த வருஷத்துல இருந்து எந்த வருஷம் வரைன்னு போட்டிருப்பாங்க. பெரும்பாலும் மூணு வருஷத் திட்டம்தான். முதல் வருஷத்துல இருந்தா எழுதிப் பாரு. மூணாவது வருஷத்துல இருந்தா அங்க புதுசா ஆள் எடுக்க வாய்ப்பு குறைவு, எடுத்தாலும் உனக்குக் காலம் மிஞ்சாது.

பேப்பர் படிக்கும்போது கடைசியில நன்றி சொல்ற பத்தியையும் படி. எந்த நிதியில செஞ்சாங்கன்னு நம்பரோட அங்க இருக்கும்.

தில்லைநகர் குமரன்:

பெஞ்ச் ஓரம் சொல்றதெல்லாம் சரி, ஆனா நான் வேற மாதிரி சொல்வேன். தங்கச்சி, முதல்ல நெட்டை முடி. நெட் இல்லாம உள்ள போனவங்க நிலைமையை நான் பார்த்திருக்கேன்.

நெட்ல ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) வாங்கினவருக்கு 2023 ஜனவரியில இருந்து மாசம் 37,000, ரெண்டு வருஷம் கழிச்சு எஸ்ஆர்எஃப் (முதுநிலை) ஆனா 42,000, மேல வீட்டு வாடகைப் படி. நெட், கேட் (இன்னொரு தேசியத் தேர்வு) எதுவும் இல்லாதவங்களை ஜேஆர்எஃப் பதவியில எடுக்க முடியாது, ப்ராஜெக்ட் அசோசியேட்னு எடுப்பாங்க. டிஎஸ்டி 2020-ல போட்ட உத்தரவுப்படி நெட், கேட் இருந்தா 31,000, இல்லைன்னா 25,000. அப்புறம் வந்த விளம்பரங்கள்ல தொகை மாறியிருக்கு, அதுல என்ன போட்டிருக்கோ அதைப் பாரு. ஒரே பெஞ்சுல நின்னு ஒரே பிசிஆர் போடற ரெண்டு பேருக்குள்ள இந்த வித்தியாசம் இருக்கும்.

காசைவிடப் பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு. நெட் ஜேஆர்எஃப் உன் பேர்ல வர்ற பணம். கைடுகிட்ட ப்ராஜெக்ட் இருக்கான்னு பார்க்க வேண்டியதில்ல, காலியிடம் இருந்தா போதும். யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 விதிப்படி ஒரு உதவிப் பேராசிரியர் 4 பேரு, இணைப் பேராசிரியர் 6, பேராசிரியர் 8 பேரு வரைக்கும் வழிகாட்டலாம். கைடை நீ தேர்ந்தெடுக்கற இடத்துல நிப்ப. ப்ராஜெக்ட்ல போனா அவங்க உன்னைத் தேர்ந்தெடுக்கணும்.

பெஞ்ச் ஓரம்:

குமரன் அண்ணா, சொல்றது சரிதான். ஆனா நெட் வர்ற வரைக்கும் வீட்ல உட்கார்ந்து படின்னு சொன்னா, வீட்ல கொடுத்த ஒரு வருஷம் அதுலயே போயிடும். 2024 ஜூன்ல என்ன ஆச்சு? 18-ஆம் தேதி யூஜிசி நெட் (பெரும்பாலும் கலை, சமூக அறிவியல் பாடங்களுக்கானது) நடத்தி மறுநாளே ரத்து பண்ணாங்க, சிஎஸ்ஐஆர் நெட்டையும் தள்ளிப் போட்டாங்க. ஒரே பரீட்சையை நம்பி இருந்தவங்க எல்லாம் அந்தரத்துல நின்னாங்க. லேப்ல கை வேலையும் நடக்கட்டும், ராத்திரி படிக்கட்டும்.

அப்புறம் மைக்ரோபயாலஜிக்கு சிஎஸ்ஐஆர் மட்டும் இல்ல. டிபிடி ஃபெல்லோஷிப்புக்கான பெட் (உயிரித் தொழில்நுட்பத் தகுதித் தேர்வு) பரீட்சை எழுதலாம். அதுல ரெண்டு பட்டியல் வரும். முதல் பட்டியல்ல வந்தா ஃபெல்லோஷிப் உன் பேர்ல. ரெண்டாவது பட்டியல்ல வந்தாலும் டிபிடி பணத்துல நடக்கற எந்த ப்ராஜெக்ட்லயும் ஜேஆர்எஃப்பா சேரலாம். நிறைய பேருக்கு இந்த ரெண்டாவது பட்டியலோட மதிப்பு தெரியல.

உதவிப் பேராசிரியர், மாநிலப் பல்கலை:

ஆளை முடிவு செய்துவிட்டுத்தான் விளம்பரம் வருகிறதா என்று மலர் கேட்டதற்கு நேரடியாகப் பதில் சொல்கிறேன். ஆள் எடுக்கும் பக்கம் உட்கார்ந்திருப்பவன் நான்.

சில இடங்களில் ஆம். சாங்ஷன் உத்தரவு வந்ததும் விளம்பரம் போட்டு, குழு அமைத்து, நேர்காணல் நடத்தியாக வேண்டும் என்பது நடைமுறை. இதற்கிடையில் அந்த லேபிலேயே எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் செய்த மாணவர் ஒருவர் காத்துக்கொண்டிருப்பார். அவருக்கு அந்தக் கருவி தெரியும், அந்தக் கல்ச்சர் தெரியும். அவரும் விண்ணப்பிப்பார், பெரும்பாலும் அவரே வருவார். தகுதியில்லாதவரை வேண்டியவர் என்பதற்காக எடுப்பதும் நடக்கிறது. அது அநியாயம், அதை நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் முன்பே தெரிந்தவரை எடுப்பது எல்லாமே அந்த வகை இல்லை. மூன்று வருடப் பணம், ஒரே ஒரு ஆள். அந்த ஆள் ஆறு மாதத்தில் போய்விட்டால் திட்டமே படுத்துவிடும். அந்தப் பயத்தில்தான் தெரிந்த முகத்தைத் தேடுகிறோம்.

ஆகவே விளம்பரத்துக்கு முன்பே நீங்கள் தெரிந்த முகமாக ஆக வேண்டும். அதற்கு வழி மின்னஞ்சல். ஆனால் என் இன்பாக்ஸுக்கு வருபவை பெரும்பாலும் எப்படி இருக்கும் தெரியுமா? ‘ரெஸ்பெக்டட் சார், ஐ ஆம் வெரி மச் இன்ட்ரஸ்டட் டு ஜாயின் யுவர் எஸ்டீம்ட் லேப்’ என்று ஆரம்பித்து, நான் செய்யாத துறையைப் புகழ்ந்து, மேலே முப்பது பேரின் முகவரியும் தெரிகிற மாதிரி வந்து சேரும். படிக்காமல் மூடிவிடுவேன்.

பதில் போட வைக்கும் மின்னஞ்சலில் இரண்டு விஷயம் இருக்கும். என் பேப்பர் ஒன்றில் குறிப்பாக எதைப் படித்தீர்கள் என்பது ஒன்று. உங்கள் கையால் எதைச் செய்திருக்கிறீர்கள் என்பது மற்றொன்று. உதாரணமாக, பரப்பில் ஒட்டி வளரும் கிருமிப் படலமான பயோஃபிலிம் பற்றி ‘அனுபவம் உண்டு’ என்று மட்டும் எழுதினால் எனக்கு எதுவும் தெரியாது. அந்தப் படலத்தைச் சாயமேற்றி அளக்கும் சோதனையைப் பற்றி ‘96 குழி பிளேட்டில் கிரிஸ்டல் வயலட் அஸே போட்டேன், கழுவும்போது பயோஃபிலிம் பிய்ந்து வந்தது, பைப்பெட்டால் மெதுவாக ஓரத்தில் விட்டுக் கழுவியதும் சரியானது’ என்று எழுதினால், நிஜமாகவே பெஞ்சில் நின்றவர் என்று ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

மலர் மைக்ரோ:

ரொம்ப நன்றி சார். நான் எம்.எஸ்சி.ல அதே அஸேதான் பண்ணேன்! ஸ்டெஃபைலோகாக்கஸ் பாக்டீரியா ஐசொலேட்ஸ் (தனியாப் பிரிச்செடுத்த கிருமிகள்) வச்சு. ஆனா சிவியில ‘பயோஃபிலிம் அஸே’ன்னு ரெண்டே வார்த்தைதான் இருக்கு. இண்டர்வியூல என்ன கேப்பீங்கன்னும் சொல்லுங்க சார்.

உதவிப் பேராசிரியர், மாநிலப் பல்கலை:

பெரிய தத்துவம் எதுவும் கேட்கமாட்டேன். 1 மோலார் டிரிஸ் (பிஹெச் மாறாமல் காக்கும் பஃபர் கரைசல்) 500 மில்லி வேண்டும், எப்படிச் செய்வீர்கள் என்பேன். மூலக்கூறு எடை 121.14, ஆக 60.57 கிராம். கணக்கைப் பாதிப் பேர் சொல்லிவிடுவார்கள். அடுத்து, 500 மில்லி தண்ணீரில் கரைப்பீர்களா என்பேன். அங்கேதான் தடுமாற்றம். குறைவான தண்ணீரில் கரைத்து, ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு பிஹெச் சரிசெய்து, கடைசியில்தான் 500-க்கு நிரப்ப வேண்டும். செய்தவர்களுக்கு இது யோசிக்காமல் வரும்.

பிறகு உங்கள் ஆய்வேட்டிலிருந்தே கேட்பேன். கிரிஸ்டல் வயலட்டுக்குப் பிறகு அசிட்டிக் அமிலம் எதற்கு விட்டீர்கள்? கிருமி இல்லாத, மீடியம் மட்டும் உள்ள குழிகள் எத்தனை வைத்தீர்கள்? பிசிஆரில் டெம்ப்ளேட் டிஎன்ஏ போடாத குழாயில் பேண்ட் வந்தால் என்ன அர்த்தம்? வெளியில் கொடுத்துச் செய்து வாங்கிய ஆய்வேடு என்றால் மூன்றாவது கேள்வியில் தெரிந்துவிடும். ‘இது எனக்குத் தெரியாது, இப்படி இருக்கலாம் என்று நினைக்கிறேன்’ என்று சொல்பவரை எனக்குப் பிடிக்கும்.

சுவடித் தேடி:

சயின்ஸ் ஆட்களுக்காவது ப்ராஜெக்ட்னு ஒண்ணு இருக்கு. தமிழ், வரலாறு, சமூகவியல்காரங்களுக்கு என்ன வழின்னும் இதே இழையில பேசுங்களேன். எங்க துறையில ஐசிஎஸ்எஸ்ஆர் (சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கவுன்சில்) திட்டம் வந்தா உண்டு, இல்லைன்னா யூஜிசி ஜேஆர்எஃப்தான் கதி. மத்தியப் பல்கலைக்கழகத்துல நெட் இல்லாம பிஎச்.டி. சேர்ந்தா மாசம் 8,000 ரூபாய். அதுல ஹாஸ்டல், சாப்பாடு, களப்பணிக்குப் பஸ் செலவு, எல்லாம். மாநிலப் பல்கலைக்கழகத்துல பல பேருக்கு அதுவும் கிடையாது.

இதைப் படிக்கற எங்க துறைத் தம்பி தங்கைகளுக்கு என் யோசனை, பல்கலைக்கழகத்துக்கு வெளியவும் பாருங்க. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1955-ல இருந்து இருக்கு. அங்க இருக்கற சைவச் சுவடிகள் 2005-ல யுனெஸ்கோவோட உலக நினைவுப் பதிவேட்டுல ஏறிச்சு. சென்னையில ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம். பிரிட்டிஷ் நூலகம் வழியா நடக்கற, அழியும் நிலையில இருக்கற ஆவணங்களை டிஜிட்டல் பண்ற திட்டங்களும் தமிழ்நாட்டுக்கு வந்திருக்கு. அட்டவணை போடறது, படம் எடுக்கறது, பதிப்புக்கு ஒப்பிட்டுப் பார்க்கறதுன்னு குறுகிய கால வேலை வரும். சம்பளம் பெருசா இருக்காது. ஆனா ஓலையைக் கையில வச்சு, புள்ளி இல்லாத எழுத்தைப் படிக்கப் பழகிட்டீங்கன்னா, அது தெரிஞ்ச ஆளுக்கு இன்னிக்கும் தட்டுப்பாடுதான். கிரந்த எழுத்தும் சேர்த்துக் கத்துக்கோங்க.

ராஜபாளையத்தான்:

எல்லாரும் எப்படி உள்ள போறதுன்னு சொல்றீங்க, உள்ள போனப்புறம் என்னன்னும் சொல்லணும். நான் ஒரு பல்கலைக்கழகத்துல ப்ராஜெக்ட் ஃபெல்லோவா இருந்தேன், பேரு வேண்டாம். மாசக்கணக்குல சம்பளம் வரல. கைடு மேல தப்பில்ல. ஒவ்வொரு வருஷத் தவணைக்கும் முந்தின வருஷச் செலவுக் கணக்கு, பயன்பாட்டுச் சான்றிதழ் ரெண்டும் போயாகணும். மார்ச் 31 முடிஞ்சு, ஆடிட்டர் கையெழுத்து, நிதி அலுவலர் கையெழுத்து, ரெஜிஸ்ட்ரார் கையெழுத்துன்னு ஃபைல் எங்கயாவது உட்கார்ந்துடும். அது தில்லிக்குப் போய்ச் சேரணும், அடுத்த தவணை வரணும். அதுவரைக்கும் ஹாஸ்டல் மெஸ் பில்லுக்கு அப்பாகிட்டதான் கேக்கணும்.

அதனால சேர்றதுக்கு முன்னாடி அந்த லேப்ல இப்போ இருக்கற ஸ்காலர்கிட்ட தனியாப் பேசு. போன வருஷம் ஏப்ரல்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் சம்பளம் எந்தெந்த மாசம் வந்துச்சுன்னு கேளு. சேரும்போது கையில ஒரு மூணு நாலு மாசச் செலவுக்காவது ஏதாவது வச்சுக்கோ. வீட்டு நிலைமை அதுக்கு இடம் கொடுக்கலைன்னா, அதை முதல்லயே கைடுகிட்ட வெளிப்படையாச் சொல்லு. இதுல கூச்சப்பட ஒண்ணுமே இல்ல. நம்ம ஊர்ல முதல் தலைமுறைப் பிள்ளைங்க ஆராய்ச்சியை விட்டுட்டுப் போறதுக்கு அறிவு காரணம் இல்ல, இந்த நாலு மாச இடைவெளிதான் காரணம். இதை யாரும் பேச மாட்டேங்கறாங்க, எனக்கு அதுல ரொம்ப வருத்தம்.

காவிரிக்கரை:

ராஜபாளையத்தான் சொன்னதுல ஒவ்வொரு வரியும் உண்மை. நான் இன்னொண்ணு சேர்க்கறேன். ப்ராஜெக்ட்ல சேர்ந்தா பிஎச்.டி. தானா வந்துடும்னு மலர் நினைக்கற மாதிரி தெரியுது. வராது. ரெண்டும் வேற வேற. ப்ராஜெக்ட் வேலைக்கு நேர்காணல் தனி, பிஎச்.டி. சேர்க்கை தனி. அதுக்கு நுழைவுத் தேர்வோ நெட் மதிப்பெண்ணோ வேணும். 2024-ல இருந்து யூஜிசி நெட்ல ஜேஆர்எஃப் கட்-ஆஃப் வராதவங்களுக்கும் பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும்னு தகுதி தர்றாங்க. மதிப்பெண்ணுக்கு 70 சதவீதம், நேர்முகத்துக்கு 30, ஒரு வருஷம் செல்லும்.

பிஎச்.டி.க்குக் குறைஞ்சபட்சம் மூணு வருஷம். ப்ராஜெக்டும் மூணு வருஷம். நீ ஒரு வருஷம் கழிச்சுப் பதிவு பண்ணா என்ன ஆகும்? பணம் முதல்ல நிக்கும், தீசிஸ் அப்புறம்தான் முடியும். அதனால கைடுகிட்ட இதை முன்னாடியே கேட்டுடணும்: ப்ராஜெக்ட்ல இன்னும் எத்தனை மாசம் பாக்கி, நான் எந்த அமர்வுல பதிவு பண்ணலாம், உங்ககிட்ட காலியிடம் இருக்கா, முன்னாடி இருந்த ஸ்காலர் ப்ராஜெக்ட் முடிஞ்சப்புறம் எப்படிச் சமாளிச்சாங்க. அண்ணா பல்கலைக்கழகம்னா ஜனவரி, ஜூலைன்னு வருஷத்துக்கு ரெண்டு அமர்வு. மத்த இடங்கள்ல அவங்க அறிவிப்பைப் பார்த்துக்கணும்.

கைடைப் பத்தித் தெரிஞ்சுக்க ஒரு வழி இருக்கு. இந்தியப் பல்கலைக்கழகத் தீசிஸ்களைச் சேர்த்து வைக்கற சோத்கங்கா தளத்துல கைடு பேரைப் போட்டுத் தேடு. அவர்கிட்ட முடிச்சவங்களோட தீசிஸ் எல்லாம் வரும். முதல் சில பக்கத்தைத் திற, சான்றிதழ் பக்கத்துல தேதி இருக்கும், சில தீசிஸ்ல பதிவு பண்ண வருஷமும் இருக்கும். நாலஞ்சு வருஷத்துல முடிச்சிருக்காங்களா, எட்டு வருஷம் இழுத்திருக்காங்களான்னு உனக்கே தெரியும். தீசிஸ்ல வந்த வேலை யார் பேர்ல பேப்பரா வந்திருக்குன்னும் பாரு. மாணவர் பேர் முதல்ல இருக்கணும். இந்த ஒரு மணி நேர வேலையைச் செய்யாம யாரும் கைடு முடிவு பண்ணாதீங்க.

தில்லைநகர் குமரன்:

சோத்கங்கா யோசனை அருமை. இத்தனை வருஷமா ஜூனியருங்களுக்கு நெட் நெட்னு சொல்ற நான் இதைச் சொன்னதே இல்ல, இனிமே சொல்றேன். நெட் பத்தி என் கருத்து மாறல.

மலர் மைக்ரோ:

ஒரு அக்கா வெளிநாட்டுக்கே நேரா பிஎச்.டி.க்குப் போடுன்னு சொல்றாங்க, ஜெர்மனில சம்பளம் தர்றாங்களாமே?

ஹாலே வாசி:

ஜெர்மனி ஹாலே நகரத்துல இருந்து எழுதறேன். தர்றாங்க. இங்க பல பல்கலைக்கழகத்துல பிஎச்.டி. பண்றவர் பணியாளர், ஒப்பந்தம் உண்டு. சம்பளம் மாநில ஊதிய அட்டவணையில இ13-ன்னு ஒரு நிலை. ஆனா முழுச் சம்பளம் இல்ல, பாதி, 65 சதவீதம், 75 சதவீதம்னு துறைக்குத் தகுந்த மாதிரி. விளம்பரத்துலயே போட்டிருக்கும். டாட் (ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பு) தளம், யூராக்சஸ் (ஐரோப்பிய ஆய்வு வேலைத் தளம்) ரெண்டும் பாருங்க. விண்ணப்பத்துக்கு வேண்டியது: ஒரே பிடிஎஃப், ரெண்டு பரிந்துரையாளர் பேரு, அந்த விளம்பரத்துக்குன்னே எழுதின கடிதம். இங்க என் குரூப்ல சேர்ந்தவங்க பெரும்பாலும் ஊர்ல ஏதாவது ஒரு லேப்ல ஒண்ணு ரெண்டு வருஷம் வேலை பார்த்துட்டு வந்தவங்கதான். அந்த அனுபவத்தையும் அந்தக் கைடோட கடிதத்தையும்தான் இவங்க பார்க்கறாங்க. அதனால நீங்க தேடற ப்ராஜெக்ட் வேலை இதுக்கும் வழிதான்.

இன்னும் எம்.எஸ்சி. படிக்கறவங்க யாராவது பார்த்தா, மூணு அறிவியல் அகாதமிகளும் சேர்ந்து நடத்தற கோடைக்கால ஆய்வு ஃபெல்லோஷிப்புக்கு விண்ணப்பிங்க. ரெண்டு மாசம் நல்ல லேப்ல நின்னா, உங்களுக்குக் கடிதம் எழுத ஒரு ஆள் கிடைப்பாங்க.

மலர் மைக்ரோ:

எல்லாரும் சொன்னதை வச்சு மெயில் எழுதிப் பார்த்திருக்கேன். இங்கிலீஷ்லதான் அனுப்பப்போறேன், இங்க தமிழ்ல சாரத்தைப் போடறேன்.

‘அன்புள்ள மேடம், பெரம்பலூர் மாவட்டத்தில் ஓர் எளிய குடும்பத்தில் பிறந்து, ஆராய்ச்சியில் மிகுந்த ஆர்வத்துடன் எம்.எஸ்சி. முடித்துள்ளேன். நீர்க்குழாய் பயோஃபிலிம் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன், மிக நன்றாக இருந்தது. என் ஆய்வேட்டில் புண்ணிலிருந்து எடுத்த 22 ஸ்டெஃபைலோகாக்கஸ் ஐசொலேட்களில் கிரிஸ்டல் வயலட் அஸே செய்தேன். குளுக்கோஸ் சேர்த்த மீடியத்தில் பயோஃபிலிம் அதிகமாக வந்தது. உங்கள் ஆய்வுக்கூடத்தில் ஜேஆர்எஃப் இடம் இருந்தால் தயவுசெய்து வாய்ப்புத் தர வேண்டுகிறேன்.’

உதவிப் பேராசிரியர், மாநிலப் பல்கலை:

மூன்றாவது, நான்காவது வாக்கியங்கள் நன்றாக வந்திருக்கின்றன, அவற்றை மேலே கொண்டு வாருங்கள். குடும்பத்தைப் பற்றிய வரி வேண்டாம். அது உங்கள் பெருமைதான், ஆனால் இந்தக் கடிதத்தில் அது இரக்கம் கேட்பது போல் படும். ‘மிக நன்றாக இருந்தது’ என்பதை எடுத்துவிட்டு, அந்தக் கட்டுரையில் உங்களுக்கு எழுந்த ஒரு கேள்வியை எழுதுங்கள். குளுக்கோஸ் பற்றி உங்களுக்குத் தெரியும், குழாய்த் தண்ணீரில் ஊட்டம் மிகக் குறைவு, அங்கே எப்படி அந்த அளவு பயோஃபிலிம் வந்தது என்று கேட்கலாம்.

நெட் இல்லாமல் ஜேஆர்எஃப் என்று கேட்காதீர்கள். ‘நெட்டுக்குப் படித்து வருகிறேன், ப்ராஜெக்ட் அசோசியேட் இடம் வரும்போது விண்ணப்பிக்க விரும்புகிறேன்’ என்று எழுதுங்கள். சிவி, மதிப்பெண் பட்டியல், ஆய்வேட்டின் சுருக்கம் மூன்றையும் ஒரே பிடிஎஃப்பாக வையுங்கள். ஒருவருக்கு ஒரு மெயில். பத்து நாளில் பதில் இல்லாவிட்டால் ஒரே ஒரு முறை நினைவூட்டுங்கள்.

ராஜபாளையத்தான்:

எங்கயாவது சேரச் சொன்னா ஒரிஜினல் சர்டிஃபிகேட்டைக் கொடுத்துட்டு வராதே மலர். சரிபார்த்துட்டு அங்கயே திருப்பித் தரணும். மாணவர்களோட ஒரிஜினலை நிறுவனங்கள் பிடிச்சு வைக்கக் கூடாதுன்னு யூஜிசி 2018-லயே அறிவிப்பு போட்டிருக்கு. ப்ராஜெக்ட் ஆளுக்கும் அதே மரியாதையைக் கேளு. சேர்ந்த அன்னிக்கே பணி ஆணை எழுத்துல வாங்கு, அதுல பதவிப் பேரும் தேதியும் தொகையும் இருக்கணும். நாளைக்கு அனுபவச் சான்றிதழ் கேட்கும்போது அதை வச்சுத்தான் தருவாங்க.